ஆள் சரி, அட்டை சரி, முகவரி?

முகப்பேர் கிழக்கிலோ மேற்கிலோ வாடகைக்குக் குடியிருக்கும் ஒருவர் லைசென்ஸ் எடுக்கக் கிளம்பினால், வண்டி ஓட்டத் தெரியுமா என்ற கேள்விக்கு முன்பே வேறொரு கேள்வி அவரை நிறுத்திவிடுகிறது: இந்த முகவரிக்குச் சான்று இருக்கிறதா? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்தவர்கள், அண்ணா நகர்ப் பக்கம் வாடகை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் நகர்ந்தவர்கள், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு மாறுகிறவர்கள் என்று இங்கே இந்தக் கேள்வியில் தடுக்கி நிற்பவர்கள் ஏராளம். ஆதாரில் திருநெல்வேலி முகவரி இருக்கும். கேஸ் இணைப்பும் மின் இணைப்பும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். இதைச் சான்றிதழ் அலைச்சல் என்று நாம் பெருமூச்சோடு ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் இதற்குள் ஓர் அறிவியல் சிக்கல் ஒளிந்திருக்கிறது. அடையாள அட்டை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. அட்டை உண்மையானதா? இந்த ஆள் ஒரே ஆள்தானா, வேறு பெயரில் ஏற்கெனவே பதிவு செய்தவரா? இவர் எங்கே வசிக்கிறார்? முதல் இரண்டுக்கும் கணிதமும் உயிரியலும் வலுவான பதில்களைக் கண்டுவிட்டன. மூன்றாவதற்கு எந்தக் கருவியாலும் பதில் சொல்ல முடியாது. ஆனாலும் மூன்றையும் ஒரே அட்டையில் ஒரே உறுதியோடு அச்சிடுகிறோம். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை அந்த மூன்றாவது கேள்விக்குச் சான்று கேட்பதையே கைவிட வேண்டும் என்பது என் வாதம்.

முதல் கேள்வியிலிருந்து தொடங்கலாம். நம் ஓட்டுநர் உரிம எண்ணில் முதலில் மாநிலமும் அலுவலகமும் வரும். அம்பத்தூர் என்றால் டி.என். 13, அண்ணா நகர் என்றால் டி.என். 02. அடுத்து ஆண்டுக்கு நான்கு இலக்கம், பிறகு ஏழு இலக்க வரிசை எண். இதில் ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் அது இன்னொருவரின் செல்லுபடியாகும் எண்ணாக ஆகிவிடக்கூடும். எண்ணைப் பார்த்து மட்டும் தவறைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆதார் எண் அப்படியல்ல. அதன் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றிலிருந்து கணக்கிடப்படுவது. யாக்கோபஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர் 1969இல் வெளியிட்ட முறை அது. இலக்கங்களைச் சும்மா கூட்டிப் பார்த்தால் 27ஐ 72 என்று மாற்றி எழுதியது தெரியாது, கூட்டுத்தொகை ஒன்றுதான். வெர்ஹூஃப் கூட்டலை விட்டுவிட்டு ஓர் ஐங்கோணத்தின் சுழற்சிகளையும் புரட்டல்களையும் எடுத்துக்கொண்டார். சுழற்றிவிட்டுப் புரட்டினால் வரும் நிலை வேறு, புரட்டிவிட்டுச் சுழற்றினால் வரும் நிலை வேறு. வரிசை மாறினால் விடையும் மாறும் என்ற இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டதால், ஓர் இலக்கப் பிழைகள் எல்லாமும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறும் பிழைகள் எல்லாமும் அகப்பட்டுவிடுகின்றன.

இது கைத்தவறுக்கான காவல். போலி அட்டைக்கு இன்னும் பெரிய காவல் இருக்கிறது. ஆதார் அட்டையின் க்யூஆர் கட்டத்தில் பெயரும் படமும் மட்டுமல்ல, தனித்துவ அடையாள ஆணையத்தின் மின்னணுக் கையொப்பமும் உள்ளது. அந்தக் கையொப்பத்துக்குப் பின்னால் இருப்பது ஏறக்குறைய 617 இலக்கம் கொண்ட ஓர் எண். அதன் இரண்டு பகாக் காரணிகள் ஆணையத்துக்கு மட்டுமே தெரியும். கையொப்பமிட அந்த ரகசியம் வேண்டும், சரிபார்க்க வேண்டாம். அதனால் எந்தக் கைப்பேசியும் இணையம் இல்லாமலே, மையத் தரவுத்தளத்தைக் கேட்காமலே, அட்டையில் ஓர் எழுத்து திருத்தப்பட்டிருந்தால்கூடச் சொல்லிவிடும். ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கும் நம் அலுவலகங்கள் இதைப் போதுமான அளவுக்குப் பயன்படுத்திக்கொள்ளாதது வருந்தத்தக்கது.

இரண்டாவது கேள்வி கடினமானது, அதனாலேயே அறிவியல் அதில் நீண்ட தூரம் வந்திருக்கிறது. கைரேகையை ஆட்சி வேலைக்குப் பயன்படுத்தியதில் இந்தியா முன்னோடி. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் ஓர் ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கினார்; 1897இல் கொல்கத்தாவில் கைரேகைக் கூடம் அமைந்தது; ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவலர்களின் பங்கு பெரிது. ஒரு விரலை அதன் சொந்தப் பதிவோடு ஒப்பிடுவது எளிது. புதிதாக ஒருவர் வரும்போது அவர் ஏற்கெனவே உள்ளவரா என்று எல்லோரோடும் ஒப்பிடுவதுதான் சிரமம். 130 கோடிப் பேர் உள்ள பதிவேட்டில், ஒரு லட்சம் ஒப்பீட்டுக்கு ஒன்று தவறும் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புதியவருக்கும் 13,000 பொய்யான பொருத்தங்கள் கிடைக்கும். அதனால்தான் ஆதார் பத்து விரல்களையும் இரண்டு கருவிழிகளையும் சேர்த்து எடுக்கிறது. ஜான் டாக்மன் வகுத்த முறையில் கருவிழியின் அமைப்பு 2,048 பிட் குறியீடாகிறது. ஒரே உருவ இரட்டையருக்கும், ஏன், ஒரே ஆளின் இடது வலது கண்களுக்கும்கூட அது வேறுபடும். வயதானவர்களுக்கும் கைவேலை செய்கிறவர்களுக்கும் ரேகை தேய்ந்துபோவது உண்மையான துயரம். ஆனால் அது மாற்று வழிகளைத் திறந்துவைத்தால் தீரக்கூடிய குறை.

முகவரிக்கு இப்படி எதுவுமே இல்லை. உடலில் எழுதப்படாத, மாறிக்கொண்டே இருக்கிற, மூன்றாம் நபரின் சொல்லை மட்டுமே நம்பியிருக்கிற தகவல் அது. வாடகை ஒப்பந்தங்களைப் பதினோரு மாதத்துக்கு எழுதுவதே, ஓராண்டுக்கு மேல் போகும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தவிர்ப்பதற்காகத்தான். பிறகு அந்தப் பதிவு செய்யாத தாளை அலுவலகத்தில் ஏற்கத் தயங்குகிறார்கள். வங்கிப் புத்தகத்தைக் காட்டினால் முகவரிச் சான்றாகும். அந்த வங்கிக்குக் கொடுத்தது ஆதார். ஆதாருக்குக் கொடுத்தது வேறொரு தாள். ஒன்றை ஒன்று தாங்கும் இந்தச் சங்கிலியில் எங்கேயும் யாரும் வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்திருக்க வேண்டியதில்லை. சென்னையின் பழைய எண், புதிய எண் குழப்பத்தையும், 2011இல் அம்பத்தூர் நகராட்சி மாநகராட்சியோடு சேர்ந்ததையும் நினைத்துப் பார்த்தால், வீடே மாறாதவரின் முகவரிகூட இரண்டு தாள்களில் இரண்டு விதமாக இருப்பதில் வியப்பில்லை. 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் 9ஆம் பிரிவில் தெளிவாகவே சொல்கிறது: ஆதார் எண் தன்னளவில் குடியுரிமைக்கோ வாழ்விடத்துக்கோ சான்று ஆகாது. ஆனால் நடைமுறையில் நாம் அதிகம் நீட்டும் முகவரிச் சான்று அதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் நம் உறவினர்கள் இதே கதையை வேறு வடிவில் அறிவார்கள். 2001 தாக்குதலுக்குப் பிறகு, மாநிலங்கள் தரும் ஓட்டுநர் உரிமம் மத்திய அரசின் தரத்துக்கு உட்பட வேண்டும் என்று 2005இல் ‘ரியல் ஐடி’ சட்டம் வந்தது. 2008இல் நடைமுறைக்கு வர வேண்டியது, மாநிலங்களின் எதிர்ப்பாலும் தயக்கத்தாலும் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், 2025 மே 7 அன்றுதான் உள்நாட்டு விமானப் பயணிகள் மீது அமலானது. அங்கேயும் தாமதத்துக்குப் பெரிய காரணம் அட்டையின் அச்சுத் தொழில்நுட்பம் அல்ல. பிறப்பு, பெயர் மாற்றம், வசிப்பிடம் ஆகியவற்றுக்கான மூலச் சான்றுகள்தான். விசாவில் இருப்பவர்களின் உரிமம் அவர்கள் தங்க அனுமதிக்கப்பட்ட நாளோடு காலாவதியாகிறது. ஓட்டும் திறன் அன்றைக்கு மாயமாகிவிடுவதில்லை, ஆனால் அட்டை அப்படித்தான் நடந்துகொள்கிறது. நம் மத்திய அரசும் 2019இல் நாடு முழுவதற்கும் ஒரே மாதிரி உரிம அட்டையை வகுத்தது. அட்டைகளின் தோற்றம் ஒன்றானது. அவற்றின் அடியில் இருக்கும் தாள்கள் பழையபடியே இருந்தன.

முகவரிச் சான்று கேட்காவிட்டால் போலி உரிமங்கள் பெருகாதா என்று கேட்பார்கள். நாட்டில் உள்ள உரிமங்களில் 30 சதவீதம் போலி என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் போலிகள் எல்லாம் முகவரிச் சான்று கட்டாயமாக இருந்த காலத்தில் பிறந்தவை. ஒரே ஆள் இரண்டு மாநிலங்களில் இரண்டு உரிமம் எடுப்பதைத் தடுப்பது, நாடு முழுவதற்குமான பதிவேட்டில் ஆளை ஆளோடு ஒப்பிடும் வேலை. அது இரண்டாவது கேள்வி. அங்கே போட வேண்டிய உழைப்பை மூன்றாவது கேள்வியில் கொட்டுகிறோம். சரி, விபத்து நடந்தால் ஆளை எங்கே தேடுவது? நியாயமான கவலை. ஆனால் ஐந்து ஆண்டுக்கு முன் அச்சான முகவரியை நம்பிப் போகும் காவலர் பூட்டிய வீட்டைத்தான் பார்ப்பார். மனிதர்கள் வீட்டை மாற்றும் வேகத்துக்குக் கைப்பேசி எண்ணை மாற்றுவதில்லை. அவரவரே இணையத்தில் எந்நேரமும் திருத்தக்கூடிய, திருத்தாவிட்டால் அபராதம் உள்ள முகவரிதான் தேடுகிறவருக்கும் உதவும். திருத்துவதைச் சான்றுகளால் கடினமாக்கினால் மக்கள் திருத்த மாட்டார்கள். பதிவேடு மேலும் பழையதாகும்.

எல்லாவற்றையும் உடல் அடையாளத்தோடு கட்டுவது கண்காணிப்புக்கு வழி திறக்காதா என்ற எதிர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். எங்கே போனாலும் முழு முகவரியும் அச்சான அட்டையை நீட்ட வேண்டியிருப்பதும் அந்தரங்க மீறல்தான், குறிப்பாகத் தனியாக வாழும் பெண்களுக்கு. 2021இல் வெளியான ஐஎஸ்ஓ 18013-5 என்ற கைப்பேசி உரிமத் தரம் இதற்கு அழகான விடை தருகிறது. பெயர், பிறந்த தேதி, முகவரி என ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனியே சுருக்கக் குறியீடு கணக்கிட்டு, அந்தக் குறியீடுகளின் பட்டியலுக்கு அரசு கையொப்பமிடுகிறது. காட்ட விரும்பும் தகவலை மட்டும் திறந்து காட்டலாம். மற்றவை குறியீடாகவே மூடியிருக்கும், அவற்றிலிருந்து மூலத்தைப் பின்னோக்கிக் கணக்கிட முடியாது. 18 வயது நிரம்பியவர், இந்த வகை வண்டி ஓட்டத் தகுதி பெற்றவர் என்பதைக் காட்டும்போது தெருவின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம், விண்ணப்பதாரர் தன் வட்டார ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதைத் தளர்த்தி, தான் வசிக்கும் மாநிலத்தின் எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வழி செய்தது. அத்தோடு முகவரிக்கு இருந்த நிர்வாகக் காரணமும் மெலிந்துவிட்டது. அதே 2019 நவம்பரில், கள்ளப் பணத் தடுப்பு விதிகளைத் திருத்திய மத்திய அரசு, ஆதாரில் உள்ள முகவரி வேறாக இருந்தாலும் தற்போதைய முகவரியை வாடிக்கையாளர் தானே எழுதிக் கொடுத்தால் வங்கிகள் ஏற்கலாம் என்றது. பணமோசடிக்கு அஞ்சும் துறைக்கே உறுதிமொழி போதுமென்றால் போக்குவரத்துத் துறைக்கு ஏன் போதாது? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 4ஆம் விதி, சான்றுகளைத் தர இயலாதவர் நோட்டரி முன் அளிக்கும் பிரமாணப் பத்திரத்தை வயதுக்கும் முகவரிக்கும் சான்றாக ஏற்க இடமளித்திருக்கிறது. விதிவிலக்காக எழுதிய அந்த வரியைப் பொது விதியாக்கி, நோட்டரியின் இடத்தில் விண்ணப்பதாரரின் மின்னணுக் கையொப்பத்தை வைப்பது ஓர் அறிவிக்கையில் முடிகிற வேலை.