மரமும் மனிதரும் – 11: ரம்பம் நிற்க வேண்டிய இடம்

சாலையோரப் புளியமரத்தின் மகசூல் ஆண்டுதோறும் ஏலம் போவதும், அதே மரத்தில் கிளை கழிப்பவரிடம் எவ்விதத் தகுதியும் கேட்கப்படாததும் சென்ற வாரம் பேசப்பட்டன. தேர்ந்த மரப் பராமரிப்பு வல்லுநரை, அதாவது ஆர்போரிஸ்ட் எனப்படுபவரை, அமர்த்தும் முறை இவ்வாரத்திற்கு உரியது. ஆயினும் அவர் அறிந்தே இருக்க வேண்டிய ஓர் உண்மையைக் கடந்து அங்கே செல்ல இயலாது.

மரத்தின் காயம் ஆறுவதில்லை. மனித உடலில் வெட்டுப்பட்ட இடத்திலேயே புதிய திசு வளர்கிறது. மரமோ காயம்பட்ட கட்டையை உள்ளேயே வைத்துச் சுற்றிலும் அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொள்கிறது. 1959-இல் அமெரிக்க வனத்துறையில் பணியேற்ற அலெக்ஸ் ஷைகோ, விசை ரம்பத்தால் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து ஆராய்ந்து, இந்த அடைப்பை நான்கு சுவர்களாக விளக்கினார். முதற்சுவர், நீரேற்றும் குழாய்களை அடைத்து அழுகல் மேலும் கீழும் பரவுவதைத் தடுக்கிறது. இரண்டாவது, ஆண்டு வளையங்களைத் தாண்டி அது உள்நோக்கிச் செல்வதை மறிக்கிறது. மூன்றாவது, கதிர்த்திசுக்களால் பக்கவாட்டுப் பரவலைத் தடுக்கிறது. நான்காவது, காயத்திற்குப் பின் உருவாகும் கட்டையைப் பழைய கட்டையிலிருந்து பிரிக்கிறது. முதலாவது மிக வலுக்குறைந்தது. நான்காவது மிக வலியது. உள்ளே பொந்து விழுந்த புளியமரம் ஆண்டுக்கணக்கில் காய்த்துக்கொண்டு நிற்பது இந்த நான்காம் சுவரால்தான். பொந்தைச் சுரண்டிச் சிமெண்ட் அடைப்பவர் காப்பதாக எண்ணி அதையே உடைத்துவிடுகிறார்.

கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையம்போல் புடைத்திருக்கும் பகுதி கிளைக்கழுத்து ஆகும். அடைப்புக்கான ஆற்றல் அங்கே மிகுந்திருப்பதால், ரம்பம் அதற்குச் சற்று வெளியே நிற்க வேண்டும். செஞ்சிக்கு வடக்கே சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எடுத்த குடைவரையில் உளி மிகையாகச் செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாததுபோல, கழுத்தைத் தாண்டிய வெட்டையும் சரிசெய்ய முடியாது. பெருங்கிளையாயின், தண்டிலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடிப்புறம் பாதியளவு அறுத்து, அதற்கும் வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்கி, பின்னரே எஞ்சிய முளையைக் கழுத்தருகே நீக்க வேண்டும். இல்லையேல் விழும் கிளை தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

ஆலமரம் பெருங்காயத்தையும் தாங்கும். கொல்கத்தாவை அடுத்த சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பேராலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டு, பூஞ்சையால் அழுகிய அதன் முதன்மைத் தண்டு 1925-இல் அகற்றப்பட்ட பின்னும், விழுதுகளை ஊன்றிப் பரந்துகொண்டே இருக்கிறது. விழுதில்லாத புளிக்கு ஒரே தண்டுதான். அதன் உச்சியை மொட்டையடித்தால் வெட்டுமுனைகள் அழுகுவதோடு, அங்கே கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் பிடிப்பின்றிப் பருத்துக் காற்றில் முறிகின்றன. ஆகையால் மரத்தைப் பார்க்க வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது கூலியையன்று, ரம்பத்தை எங்கே நிறுத்துவார் என்பதையே. வெட்டுவாயில் தார் பூசித்தருவதாகச் சொல்பவரையும், கழிக்க வேண்டிய உயிர்மரத்தில் ஆணிக்காலணியுடன் ஏறுபவரையும் அமர்த்தலாகாது. பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதை ஷைகோவின் சோதனைகளே காட்டியுள்ளன.

சான்றிதழ், எழுத்து ஒப்பந்தம், ஏறுபவருக்கான காப்பீடு ஆகியவை அடுத்த வாரம்.