முதலை வாயில் குஞ்சு

"அம்மா முதலை குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டு போகிறதே, கடித்துவிடாதா?" என்று தன் மகள் கேட்டதாக வாசகி ஒருவர் எழுதியிருந்தார். விலங்குகளின் தாய்மையைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றை வாசித்துக் காட்டும்போது எழுந்த கேள்வியாம். 'தாய்ப்பாசம்' என்று ஒரே சொல்லில் புத்தகம் முடித்துக்கொண்டதில் குழந்தைக்குத் திருப்தியில்லை. எனக்கும்தான். பாசம் இருக்கட்டும், பல்லுக்கு எப்படித் தெரியும்?

உவர்நீர் முதலையின் கடி 1,600 கிலோவுக்கு மேற்பட்ட எடை ஏறி அமர்ந்ததற்குச் சமம் என்று 2012இல் அளந்திருக்கிறார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டங்கன் லீச்சும் கென்னத் கட்டானியாவும் முதலையின் தாடையை ஆராய்ந்தார்கள். தாடைத் தோலில் கரும்புள்ளிகளாகத் தெரியும் சிறு மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு தொடு உணர்வி. நம் விரல்நுனியைவிட நுட்பமானவை. அதிலும் பற்களை ஒட்டிய இடத்தில்தான் நெருக்கமாக மொய்த்திருக்கின்றன.

பாட்டியின் பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டைப்பாக்கைப் பிளக்கும் அதே கருவிதான் சீவலும் சீவுகிறது. வித்தியாசம் பாட்டியின் விரலில் இருக்கிறது. அந்த விரலின் தோல் அலகின் மேலேயே வளர்ந்து, நரம்பும் ஓடி, பாக்குவெட்டி தானே பாக்கைத் தடவிப் பார்த்து, இது கொட்டை, இது தளிர் வெற்றிலை என்று பிரித்தறிந்தால்? முதலையின் தாடை அதுதான். பொரியாத முட்டையை நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே மெல்ல உருட்டி, ஓடு மட்டும் விரிசல் விடும்படி அழுத்துகிறது. உள்ளே இருக்கும் உயிருக்குக் கீறல் கிடையாது. பிறகு நாக்கைத் தாழ்த்தித் தொண்டையைப் பைபோலத் தொங்கவிட்டு, குஞ்சுகளை அதில் ஏற்றிக்கொண்டு நீருக்கு இறங்குகிறது.

முதலை தன் குஞ்சுகளையே தின்னும் என்று வெகுகாலம் நம்பினார்கள்; வாய்க்குள் போனதைப் பார்த்தவர்கள் வெளியே வந்ததைப் பார்க்கவில்லை. 1970களில் தென்னாப்பிரிக்காவின் டோனி பூலி நைல் முதலைகளை அருகிலிருந்து கவனித்து எழுதிய பிறகு அந்தக் கதை அடங்கியது. வரலாறு இவ்வளவு போதும்.

முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் குரல் கொடுக்கும். அந்தக் குரலைப் பதிவுசெய்து பிரான்ஸ் ஆய்வாளர்கள் ஒலிக்கவிட்டபோது தாய் முதலைகள் மண்ணைத் தோண்டத் தொடங்கின. பொரியும் தறுவாயிலிருந்த முட்டைகளும் பதில் கொடுத்தன. 2008இல் வெளியான ஆய்வு இது. இதையெல்லாம் சொன்னால் குழந்தைக்குப் புரியாது என்று எந்தப் பதிப்பாசிரியர் முடிவுசெய்கிறார்? 'அற்புதம்', 'ஈடிணையற்ற தியாகம்' என்று பக்கத்துக்குப் பக்கம் அச்சடிப்பதற்குப் பதில், அந்தக் கரும்புள்ளிகளைப் பெரிதாக ஒரு படம் வரையலாமே!

புத்தகத்தின் தலைப்பில் 'தாய்' என்று போட்டுவிட்டால் இன்னொன்றும் விடுபட்டுப்போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது 1976இல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணை. அங்கே சதுப்புநில முதலைகளில் ஆணும் கூட்டைத் தோண்டிக் குஞ்சுகளை வாயில் சுமப்பதை 1980களில் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். சம்பல் ஆற்றின் கரியால் என்னும் முதலை இனத்துக்கோ வாய் குச்சிபோல ஒடுங்கியது, குஞ்சுகளை வைத்துக்கொள்ள இடமில்லை. அங்கே ஆண் கரியாலின் தலையிலும் முதுகிலும் குஞ்சுகள் கும்பலாக ஏறிக்கொள்கின்றன, அவை எல்லாம் ஒரே தாயின் குஞ்சுகள்கூட அல்ல.