கேள்வி நேரம்



தூத்துக்குடிக் கடற்கரையோரமாக மாலையில் நடந்து வரும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. சில நாட்களுக்கு முன் அவ்வாறு செல்லுகையில் கல்லூரி மாணவர் இருவர் என்னைக் கண்டு வணங்கி நின்றனர். ஒருவர் என்னிடம் படித்தவர். மற்றவர் அவருடைய தோழர். அவர்களுக்குள் ஒரு வழக்கு. துறைமுகத்திற்குச் செல்லும் சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறதே, நம் தொகுதி உறுப்பினர் இதனைச் சட்டமன்றத்தில் கேட்கலாகாதா என்பது ஒருவர் கட்சி. கேட்டால் மட்டும் என்ன வந்துவிடும், அமைச்சர் எழுந்து ஏதோ சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார் என்பது மற்றவர் கட்சி. தீர்ப்பு என்னுடையதாயிற்று. அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே அதனை இன்று உங்கள் முன் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன்.

கேள்வி கேட்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்தச் சாலை யாருடையது? தேசிய நெடுஞ்சாலையாயின் மத்திய அரசு அதற்குப் பொறுப்பு. மாநில நெடுஞ்சாலையாயின் சென்னையில் உள்ள அரசு பொறுப்பு. ஊருக்குள் உள்ள தெருவாயின் 2008-ஆம் ஆண்டு முதல் இங்கு விளங்கிவரும் மாநகராட்சி பொறுப்பு. நமது அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பகுத்து வைத்திருக்கிறது. பெருந்துறைமுகங்கள் மத்தியப் பட்டியலைச் சேர்ந்தவை. தூத்துக்குடி 1974-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் அதற்கு வ. உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. ஆகவே அங்கே கப்பல் நிற்கும் தளத்தைப் பற்றிக் கேட்க வேண்டுமாயின் நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். சட்டப் பேரவையில் அந்த வினாவைத் தந்தால், மாநில அரசின் பொறுப்பில் இல்லாத பொருள் என்று பேரவைத் தலைவர் அதனை ஏற்காது விடுவார். அதே கரையில் சிறிது தொலைவில் உள்ள மீன்பிடித் துறைமுகமோ மாநில மீன்வளத் துறையைச் சேர்ந்தது. அதன் ஐஸ் கூடத்தைப் பற்றியும், படகு அணையும் இடத்தைப் பற்றியும் சட்டமன்றத்தில் தாராளமாகக் கேட்கலாம்.

கடலே இவ்வாறு பங்கிடப்பட்டிருக்கிறது. மீன்பிடித்தல் மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆயினும் கரையிலிருந்து 12 கடல் மைல் கடந்தால் அது மத்திய அரசின் எல்லை. விசைப்படகு அந்தக் கோட்டைத் தாண்டும்பொழுது, அலையில் மாற்றமில்லை. பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் மட்டும் மாறிவிடுகிறார்.

முத்துக்குளிப்பு அக்காலத்தில் அரசின் தனியுரிமையாக இருந்தது. என் தந்தையார் இளமையில் முத்துச்சிலாபத்தில் குளித்தவர். 1961-ஆம் ஆண்டில் நடந்ததே இக்கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு. அப்பொழுது நான் கைக்குழந்தை. எடுத்த சிப்பியில் ஒரு பங்கு குளித்தவனுக்கு, பெரும்பங்கு அரசுக்கு. அரசின் பங்கை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலமிடுவார்களாம். உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது வாங்குகிறவனுக்கும் தெரியாது, விற்கிறவனுக்கும் தெரியாது. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தைக் கையில் எடுக்கும்பொழுதெல்லாம் எனக்கு அந்தச் சிப்பிக் குவியல்தான் நினைவிற்கு வரும்.

ஆட்சி செய்வோரை அவையில் நிறுத்திக் கேட்கும் வழக்கம் இங்கிலாந்தில் தோன்றியது. 1721-ஆம் ஆண்டு பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு, தென்கடல் கம்பெனியின் காசாளர் நாட்டை விட்டு ஓடிவிட்டார் என்று கேள்விப்படுகிறேனே, உண்மையா என்று வினவினார். பதிவு செய்யப்பட்ட முதல் கேள்வி அதுவே என்பர். முதற் கேள்வியே பணத்தைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். நமது நாட்டில் அந்த உரிமை சிறுகச் சிறுகவே கிடைத்தது. 1892-ஆம் ஆண்டுச் சட்டம் மாகாண சபை உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம் என்றது. ஆனால் துணைக் கேள்விக்கு இடம் தரவில்லை. 1909-இல் முதற் கேள்வியைக் கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றாயிற்று. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்குப் பின்னரே எந்த உறுப்பினரும் எழுந்து துணைக் கேள்வி கேட்கும் உரிமை வந்தது. துணைக் கேள்விக்கு ஏன் இத்தனை ஆண்டுக் காவல்? எழுதி வைத்த விடையைப் படிப்பது எவர்க்கும் எளிது. அதன்மேல் உடனே எழும் கேள்விக்கு விடை சொல்வதில்தான் துறையைத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்பது வெளிப்படும். ஆண்டவர்கள் அதனை நன்கு அறிந்திருந்தார்கள்.

இன்று தமிழ்நாடு சட்டப் பேரவையில் 234 உறுப்பினர்கள். நம் மாவட்டத்திலிருந்து செல்வோர் அறுவர். பேரவை கூடும் நாளில் முதலில் வருவது வினாக்கள் விடைகள். உறுப்பினர் தம் வினாவை முன்கூட்டியே எழுதித் தருகிறார். வாயால் விடை வேண்டுமாயின் அதற்கு உடுக்குறி இடப்படும். அதன்மேல் துணை வினாக்கள் கேட்கலாம். உடுக்குறி இடாத வினாவிற்கு எழுத்தில் விடை வரும். துணை வினா இல்லை. வினாவில் வாதம் இருத்தலாகாது, கேலி இருத்தலாகாது, தம் கருத்தைத் திணித்தலாகாது. செய்தியை மட்டுமே கேட்க வேண்டும்.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வினாத்தாள் தயாரித்தவன். ஆதலால் வினாவின் நயத்தைப் பற்றி ஒரு சொல் கூற எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பொழிந்ததும், மாவட்டத்தில் குளங்கள் பல உடைந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 'உடைந்த குளங்களைச் சீரமைக்க அரசு ஆவன செய்யுமா?' என்பது ஒரு வினா. 'செய்யும்' என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடும். 'உடைந்த குளங்கள் எத்தனை? அவற்றுள் இன்று வரை கரை கட்டி முடித்தவை எவை? ஒவ்வொன்றிற்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவான தொகை எவ்வளவு?' என்பது மற்றொரு வினா. இதற்கு விடை எழுத வேண்டுமாயின் ஒரு பொறியாளர் குளக்கரைக்குச் சென்றே ஆக வேண்டும். கேள்வியின் பயனில் பாதி அவையில் இல்லை. விடை தேடி அதிகாரி நடக்கும் அந்த நடையில் இருக்கிறது.

இதனை நான் நூலிற் படித்துச் சொல்லவில்லை. 1997-ஆம் ஆண்டு நான் ஒரு கடற்கரைச் சிற்றூரில் தலைமையாசிரியனாக இருந்தேன். எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்பறைகளின் கூரை உப்புக் காற்றில் அரித்து, கம்பிகள் வெளியே தெரிந்தன. பிள்ளைகளை வெளியே புங்கமரத்தடியில் உட்கார வைத்திருந்தோம். ஒரு நாள் மேலிடத்திலிருந்து ஆள் வந்தது. சட்டமன்றத்தில் எங்கள் பள்ளியைப் பற்றி வினா வந்திருக்கிறது. மறுநாளைக்குள் விவரம் வேண்டும். தலைமைச் செயலகத்திலிருந்து இயக்ககத்திற்கும், அங்கிருந்து மாவட்டத்திற்கும் இறங்கி, கடைசியில் என் மேசைக்கு வந்து நின்றது அந்த வினா. 'கூரை ஆபத்தான நிலையில் உள்ளது' என்று நான் எழுதினேன். அதனைப் படித்த ஓர் அதிகாரி, இதுவரை ஏன் தெரிவிக்கவில்லை என்று உங்களையே முதலில் கேட்பார்கள் என்றார். நான் முன்னரே இருமுறை தெரிவித்திருந்தேன். அதற்கு நகல் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, 'சிறு பழுதுகள் உள்ளன. வகுப்புகள் தடையின்றி நடைபெறுகின்றன' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். வகுப்புகள் தடையின்றி நடந்தது உண்மையே. எங்கே நடந்தன என்பதை நான் எழுதவில்லை.

அவையில் வந்த விடை இது: புதிய கட்டடம் தேவைப்படும் நிலையில் உள்ளதா? இல்லை. ஆயின் எப்பொழுது கட்டப்படும்? வினா எழவில்லை. 'வினா எழவில்லை' என்ற அந்தத் தொடரை அதற்கு முன் எத்தனையோ முறை செய்தித்தாளிற் படித்துச் சிரித்திருக்கிறேன். அன்று சிரிக்க முடியவில்லை.

பணத்தைப் பற்றிய கேள்வி வேறு வழியிலும் எழுகிறது. அரசியலமைப்பின்படி பேரவையின் இசைவின்றி ஒரு ரூபாயும் கருவூலத்திலிருந்து எடுக்கலாகாது. நிதியமைச்சர் வரவு செலவுத் திட்டத்தை அளித்தபின், துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் வருகின்றன. அந்தந்த அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை அவையில் வைக்கிறார். மாணவர்கள் தேடிப் படிக்கத்தக்க ஏடு அது. கீழைக்கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. அந்நாட்களுக்கான நிவாரணத் தொகை எத்தனை குடும்பங்களுக்குச் சென்றது, உப்பளத்தில் மழைக்காலத்தில் வேலையற்றிருக்கும் தொழிலாளருக்கு என்ன கிடைத்தது என்பனவற்றையெல்லாம் அத்தகைய ஏடுகளில் தேடலாம். கோரிக்கையை எதிர்ப்போர் வெட்டுத் தீர்மானம் கொடுக்கிறார்கள். தொகையில் ஒரு சிறு பகுதியைக் குறைக்க வேண்டும் என்பது அதன் வடிவம். குறையைப் பேசுவதற்கு வாய்ப்புத் தேடுவது அதன் உட்கருத்து. பெரும்பான்மை உள்ள அரசு அதில் தோற்பதில்லை. இது வெறும் சடங்கு என்பாரும் உளர். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆயினும் பல கோடி ரூபாய்க் கோரிக்கைகள் இரண்டும் மூன்றுமாக ஒரே நாளில் நிறைவேறுவதைப் பார்க்கும்பொழுது, வகுப்பில் கடைசி வாரத்தில் ஐந்து பாடங்களை ஓட்டிய ஆசிரியர்களே என் நினைவிற்கு வருகிறார்கள்.

செலவு முடிந்தபின் கேட்பது பொதுக் கணக்குக் குழு. இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவர் மாநிலக் கணக்குகளைத் தணிக்கை செய்து தரும் அறிக்கையை, ஆளுநர் பேரவையின் முன் வைக்கச் செய்கிறார். கட்டிய கட்டடம் பூட்டிக் கிடக்கிறதா, வாங்கிய எந்திரம் உறை பிரிக்காமல் இருக்கிறதா என்பனவெல்லாம் அதில் வரும். குழு துறைச் செயலாளர்களை அழைத்து நேரில் விசாரிக்கிறது. மக்களவையில் 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே அக்குழுவின் தலைவராக இருக்கும் மரபு வளர்ந்தது. அங்கே கூச்சல் இல்லை, வெளிநடப்பும் அரிது. ஒரே குறை, காலம். பணம் செலவாகிப் பல ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் கேள்வி வருகிறது. செலவிட்ட அதிகாரி அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்.

நம் ஊரைப் பற்றிப் பேசிவிட்டு 2018 மே 22-ஐச் சொல்லாமல் விடுதல் முறையன்று. அப்பொழுது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். ஓய்வு பெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2022 அக்டோபர் 18 அன்று சட்டப் பேரவையில் வைக்கப்பட்டது. விசாரணை ஆணையச் சட்டத்தின்படி, அறிக்கை அரசின் கைக்கு வந்த ஆறு மாதத்திற்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு அவையில் வைக்கப்பட வேண்டும். அவையில் வைக்கப்பட்ட நாளிலிருந்து அது அரசின் கோப்பு அன்று. நீங்களும் நானும் படிக்கக்கூடிய ஏடு. மகனை இழந்த தாய்க்கு அது போதுமா என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. ஆனால் அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த உறுப்பினரும் எந்த ஆண்டிலும் எழுந்து கேட்கலாம்.

கேட்பதற்கு அவையே இல்லாவிடில் எப்படி இருக்கும் என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையிலும் முத்துச்சிலாபங்கள் இருந்தன. இலங்கையில் 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைகளை ஏற்படுத்தியது. தனி மாகாணமாகப் பிரிந்த வடக்கிற்கு 2013 செப்டம்பரில் முதன்முறையாகத் தேர்தல் நடந்தது. 2018 அக்டோபரில் அச்சபையின் காலம் முடிந்தது. அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் தேர்தல் நடத்தப்படவில்லை. பள்ளிகளும் மருத்துவமனைகளும் நடந்துகொண்டுதான் இருந்தன, ஆளுநரின் கீழ். மாகாணப் பணத்தை எங்கே செலவிட்டீர்கள் என்று மாகாணத்திலேயே எழுந்து கேட்பதற்கு மட்டும் ஓர் இருக்கை இல்லை.

எங்கள் பள்ளியின் கதை முடியவில்லை. அவ்விடை வெளிவந்த சில மாதங்களுக்குப் பின் சட்டமன்ற உறுப்பினர் எங்கள் ஊருக்கு வந்தார். பள்ளிக்குள் நுழைந்தவர் என் அறைக்கு வரவில்லை. நேரே புங்கமரத்தடிக்குச் சென்று பிள்ளைகளை எண்ணத் தொடங்கினார். பின்னர் என்னிடம் வந்து, "சார், தடையின்றி நடக்கிறது என்று எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா?" என்று கேட்டார். "ஆம் ஐயா" என்றேன். அவர் கோபிக்கவில்லை. அடுத்த கூட்டத்தொடரில் அவர் தந்த வினா வேறு மாதிரி இருந்தது: அப்பள்ளியில் கட்டடத்திற்கு வெளியே அமர்ந்து பயிலும் மாணவர் எத்தனை பேர்? முன்போலவே அது படிப்படியாக இறங்கி என் மேசைக்கு வந்தது. இம்முறை 86 என்று எழுதி, நகல் ஒன்றும் எடுத்து வைத்துக்கொண்டேன். எவரும் அந்த எண்ணை அடிக்கச் சொல்லவில்லை. தொகை ஒதுக்கப்பட்டது, மார்ச் 31-க்குள் செலவிடப்படாமையால் ஒருமுறை திரும்பிப் போயிற்று, மறு ஆண்டு மீண்டும் வந்தது. 2000-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பள்ளி திறந்தபொழுது புது அறைகள் இரண்டும் தயாராக இருந்தன. கடற்கரையில் என்னை நிறுத்திய அந்தப் பழைய மாணவர், மரத்தடியில் எண்ணப்பட்ட பிள்ளைகளுள் ஒருவருடைய மகன்.