சிரிக்காத பிள்ளை

கோல் மார்க்கெட்டிலிருந்து நடந்தே செல்லும் தூரத்தில், கன்னாட் பிளேஸில், 2017 வரை ரீகல் திரையரங்கம் இயங்கியது. 1998 டிசம்பரில் தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ திரைப்படம் அங்கே ஓடியபோது சிவசேனையினர் புகுந்து கண்ணாடிகளை நொறுக்கினர். டில்லிக் கூட்டுக்குடும்பம் ஒன்றில் அன்பின்றித் தவிக்கும் ஓரகத்தியர் இருவர் ஒருவரையொருவர் நேசிப்பதே கதை. சில நாட்களில் அதே வாசலில் மெழுகுவர்த்தி ஏந்தி, படத்திற்கு ஆதரவாகவும் மக்கள் நின்றனர். 1999-இல் தணிக்கைக் குழு மீண்டும் பார்த்து, வெட்டின்றி அனுமதித்தது.

பின்னர் இந்தித் திரையுலகம் இதை நகைப்புக்குரியதாக்கியது. ‘கல் ஹோ நா ஹோ’ (2003), ‘தோஸ்தானா’ (2008) ஆகியவை அரங்குகளைச் சிரிக்க வைத்தன. 2016-இல் வெளியான ‘அலிகர்’ மட்டும் அழ வைத்தது. ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காகப் பல்கலைக்கழகம் பணியிடை நீக்கம் செய்த மராத்திப் பேராசிரியர் சிராஸின் உண்மைக் கதை அது. 2010 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவ்வுத்தரவை நிறுத்திவைத்தது. சில நாட்களில் அவர் தம் வீட்டில் இறந்து கிடந்தார்.

வயது வந்தோரின் சம்மத உறவு குற்றமன்று என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நம் வீட்டுக் கேலியை எந்த நீதிமன்றமும் நிறுத்த இயலாது. பெற்றோரே, சற்றே சிந்தியுங்கள்! நாம் சிரிக்கும் காட்சியில் சிரிக்காமல் தலைகுனியும் பிள்ளை நம் அருகிலேயே அமர்ந்திருக்கக்கூடும். அப்பிள்ளை தன் பாரத்தை நம்மிடம் சொல்லத் துணியுமா?