காது கேளாத பிள்ளையும் கணனிக் கார்ப் பந்தயமும்



இப்படியொரு காட்சியைச் சற்று நினைத்துப் பாருங்கள். இராச் சாப்பாடு முடிந்ததும் மகன் கணனியின் முன்னால் அமர்கிறான். மேசையில் ஒரு ஸ்டியரிங், காலடியில் பெடல்கள். கட்டாரில் இருக்கும் மச்சானும், பள்ளிக்கூட நண்பர்கள் மூவரும் தத்தம் வீடுகளிலிருந்தே இணையத்தின் வழியாக அதே பாதையில் கார் ஓட்டுகிறார்கள். ஹெட்போனில் ஓயாத பேச்சு. "உள்பக்கமா வாறேன், இடம் விடு", "முன்னால ரெண்டு கார் மோதிட்டு, மெதுவா வா."

உங்கள் மகனுக்கோ செவிப்புலன் குறைவு. எச்சரிக்கை அவனை எட்டவில்லை, போய் மோதுகிறான். "உனக்கென்ன, காது கேட்காதா?" என்று ஒருவன் திரையில் எழுதுகிறான். அவன் எழுதியது கோபத்தில். உங்கள் மகனுக்கோ அது உண்மை. மறுநாள் அவன் கணனியைத் திறக்கவே இல்லை.

விளையாட்டுத்தானே, போனால் போகட்டும் என்று நாம் எண்ணலாம். ஆனால், பந்தயம் முடிந்த பிறகு பிள்ளைகள் அரை மணி நேரம் சிரித்துப் பேசுவார்களே, அந்தக் கூட்டத்தையும் சேர்த்தல்லவா அவன் இழக்கிறான்! இதற்கு இன்று வழி உண்டு.

பேச்சு எழுத்தாகும் விதம்

பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் காட்டும் வசதி இப்போது பல சாதனங்களில் உள்ளது. அமெரிக்காவில் 2010இல் வந்த ஒரு சட்டம், தொடர்பாடல் வசதிகள் ஊனமுற்றோருக்கும் பயன்பட வேண்டும் என்றது. கணனி விளையாட்டுகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த விலக்கு 2018 இறுதியில் முடிந்தது. எக்ஸ்பொக்ஸ், பிளேஸ்டேஷன் 5 போன்ற கருவிகளின் உள்ளேயே இந்த வசதி இருக்கிறது. அவற்றின் அமைப்புப் பகுதியில் தேடினால் கிடைக்கும்.

கணனியில் விண்டோஸ் 11 இருந்தால், 2022ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 'லைவ் கப்ஷன்ஸ்' என்ற வசதி இலவசமாகவே உண்டு. விண்டோஸ் விசை, கன்ட்ரோல் விசை, எல் ஆகிய மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். முதல் முறை மொழிக் கோப்பு ஒன்றை இறக்கிக்கொள்ளும். பிறகு கணனியில் ஒலிக்கும் பேச்செல்லாம் எழுத்தாக ஓடும். இந்த வேலை கணனிக்குள்ளேயே நடப்பதால் பிள்ளைகளின் பேச்சு வெளியே போகாது. தகாத சொற்களை மறைக்கும் வசதியும் அதில் உண்டு. தாய்மார் அதையும் போட்டு வைப்பது நல்லது.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, இயந்திர இரைச்சல். கார் உறுமும் சத்தமும் பேச்சும் கலந்தால் எழுத்துத் தாறுமாறாகும். விளையாட்டுக்குள் இருக்கும் ஒலி அமைப்பில் இரைச்சலை நன்றாகக் குறைத்து, பேச்சின் ஒலியைக் கூட்டி விடுங்கள்.

இரண்டாவது, எழுத்து வரும் இடம். விளையாட்டு முழுத்திரையையும் பிடித்துக்கொண்டால் எழுத்து மறைந்துவிடலாம். அப்போது விளையாட்டை எல்லையற்ற ஜன்னல் முறைக்கு மாற்றி, எழுத்துப் பெட்டியைப் பாதை மறையாத ஓர் இடத்தில் வையுங்கள்.

மூன்றாவது, மொழி. லைவ் கப்ஷன்ஸ் ஆங்கிலம் முதலான சில மொழிகளையே அறியும். பிள்ளைகள் தமிழில் பேசினால், கூகிள் 2019இல் வெளியிட்ட 'லைவ் ட்ரான்ஸ்கிரைப்' செயலியை அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் போட்டுத் தமிழைத் தெரிவு செய்யுங்கள். தொலைபேசியை ஒலிபெருக்கிக்கு அருகில், மகனின் கண் படும்படி நிறுத்தி வைத்தால் போதும். அவனது மைக்கை மட்டும் பேசும் நேரம் தவிர மூடி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு எதிரொலி கேட்கும்.

எழுத்தால் ஆகாதது

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பேசி முடிந்து சற்றுப் பிந்தித்தான் எழுத்து வரும். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் 55 மீற்றரைக் கடந்துவிடும். ஆகவே "பக்கத்தில் கார்" என்பதை வாசித்துத் தப்ப முடியாது. அதற்குக் கண்ணாடியும், பக்கத்துக் காரைப் படமாகக் காட்டும் ராடாரும்தான் துணை. கிரான் டூரிஸ்மோ 7, அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனே போன்ற விளையாட்டுகளில் அது உண்டு. எழுத்து, பந்தயத்துக்கு முந்திய திட்டத்துக்கும் பிந்திய பேச்சுக்கும் உதவும்.

இன்னொன்று, லைவ் கப்ஷன்ஸ் யார் பேசுகிறார் என்று சொல்லாது. நால்வர் ஒரே நேரத்தில் பேசினால் நான்கு பேச்சும் குழம்பிவிடும். எனவே நண்பர்களிடம் மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்: ஒருவர் பின் ஒருவராகப் பேசுவது, முதலில் தன் பெயரைச் சொல்வது, அவன் தட்டச்சில் பதில் எழுதக் கொஞ்சம் பொறுப்பது. மகன் கேட்கக் கூச்சப்பட்டால், மச்சானிடம் நீங்களே ஒரு சொல் சொல்லி வையுங்கள். "அவனுக்குக் கேட்காது" என்று தெரிந்த பிறகு பெரும்பாலான பிள்ளைகள் விட்டுக்கொடுப்பார்கள். தெரியாமல்தான் கோபப்படுகிறார்கள்.

ஒரு தாயின் முயற்சி

அமெரிக்கப் பெண் கிட்டி ஓநீல் கைக்குழந்தையாக இருந்தபோதே நோயினால் செவிப்புலனை இழந்தவர். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை விளங்க அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரது தாயார். அந்த மகள் 1976 டிசம்பரில் ஒரேகன் மாநிலத்துப் பாலைவெளியில் மணிக்கு 512 மைல் வேகத்தில் வாகனம் ஓட்டி, பெண்களுக்கான தரை வேகச் சாதனையை நிலைநாட்டினார். நாற்பது வருடங்களுக்கு மேல் அந்தச் சாதனை நிலைத்து நின்றது.

நம் பிள்ளைகள் எல்லோரும் சாதனை படைக்கத் தேவையில்லை. கூட்டத்தில் ஒருவனாக இருந்தால் போதும். கணனியை அமைக்க அரை மணி நேரம் ஆகலாம். ஒருவர் பின் ஒருவராகப் பேசும் பழக்கத்துக்குத்தான் நாட்கள் எடுக்கும். அதை முதலில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே தொடங்குவோம். எல்லோரும் ஒன்றாகச் சிரிக்கும்போது "என்ன சொன்னார்கள்?" என்று அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பான். "ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்" என்று இனிச் சொல்லாதீர்கள். அப்போதே சொல்லிவிடுங்கள்.