தேடாமல் அகப்பட்ட வயிற்றுக் கட்டி

நெஞ்செரிவு என்று போன ஒருவருக்கு வைத்தியசாலையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எரிவுக்குக் காரணம் சாதாரண இரைப்பைப் புண்தான். ஆனால் கொடுத்த துண்டின் அடியில், இரைப்பைச் சுவரில் 1.5 சென்ரிமீற்றர் அளவில் ஒரு புடைப்பு உண்டு, அது ‘ஜிஸ்ட்’ ஆக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. மனிதர் துண்டை மடித்து வைத்துவிட்டு மூன்று மாதமாக வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. எம்மிடம் வந்தபோது அவர் கேட்ட முதற் கேள்வி: “கத்தி வைச்சால் பரவுமாமே, சுவாமி?”

இந்தப் பயம் பலருக்கும் உண்டு. ஆகவே சற்று விளக்கமாகச் சொல்கிறோம்.

உணவைக் கீழே தள்ளும் அசைவுக்குத் தாளம் போடும் கலங்கள் இரைப்பையினதும் குடலினதும் தசைச் சுவரில் உள்ளன. அந்த இனக் கலங்களிலிருந்து வளரும் கட்டியே ஜிஸ்ட். பத்தில் ஆறளவு இரைப்பையிலும், மற்றவற்றிற் பெரும்பாலானவை சிறுகுடலிலும் தோன்றும். ஐம்பது வயதைக் கடந்து இறந்தவர்களின் இரைப்பைகளை ஜேர்மனியில் நுணுகி ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 22 பேருக்கு மேல் இவ்வகைச் சிறு முடிச்சுகள் இருந்தன. எல்லாம் ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்டவை. அப்படியான முடிச்சுகளிற் பெரும்பாலானவை வளராமலே நின்றுவிடுகின்றன.

கட்டி இருப்பது மேற்பூச்சுக்கு உள்ளே, மண்சுவருக்குள் அகப்பட்ட கல்லைப்போல. குழாய் வழியாகக் கிள்ளி எடுத்தால் பல வேளை பூச்சுத்தான் வரும். அதனால், நுனியில் ஸ்கான் கருவி பொருத்திய குழாயால் அளந்து பார்ப்பார்கள். இரைப்பையில் உள்ளது 2 சென்ரிமீற்றருக்குக் குறைந்து, ஓரம் ஒழுங்காக, புண்ணில்லாமல் இருந்தால், வெட்டாமல் கவனித்து வருவது ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை. முதலில் சில மாதங்களில் ஒரு தடவை. வளரவில்லையென்றால் பின்னர் இடைவெளி கூடும். அதைவிடப் பெரிதென்றால், அல்லது வளர்ந்தால், எடுத்துவிடுவதே பொதுவான ஆலோசனை. சிறுகுடலிலோ மலக்குடலிலோ இருந்தால் சிறிதென்றும் விடமாட்டார்கள். அங்கே இதன் குணம் கெட்டது.

இனிக் கத்தி. கத்தி பட்டதால் ஜிஸ்ட் பரவுவதில்லை. கட்டி உடைந்து வயிற்றுக்குள் சிந்தினாற்றான் ஆபத்து. ஆகையால் அதை உடையாமல், சுற்றியுள்ள சிறு பகுதியோடு முழுதாக எடுப்பார்கள். இரைப்பை முழுவதையும் எடுக்க வேண்டிவருவது அரிது. எடுத்த கட்டியின் அளவையும் அதிலே பிரியும் கலங்களின் எண்ணிக்கையையும் பார்த்து, திரும்பி வரும் ஆபத்து அதிகமென்றால் இமற்றினிப் என்ற குளிசையை, பொருந்துகின்றவர்களுக்கு, மூன்று வருடம் தருவார்கள். 2000ஆம் ஆண்டு பின்லாந்தில் ஒரு பெண்மணிக்கு இதை முதன்முதல் கொடுத்துப் பார்க்கும் வரை, பரவிய ஜிஸ்ட்டுக்குப் பயன்தரும் மருந்தே இருக்கவில்லை.

எமக்குள்ள கவலை வேறு. கவனித்து வருவதென்றால் பழைய அளவோடு புதிய அளவை ஒப்பிட வேண்டும். முகாமிலிருந்து உறவினர் வீட்டுக்கும் அங்கிருந்து வேறு மாவட்டத்துக்கும் மாறுகின்றவர்களிடம் பழைய துண்டு தப்புவதில்லை. துண்டு இல்லையென்றால் புதிய வைத்தியர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கட்டி வளர்ந்ததா, இல்லையா என்பதை அவர் எப்படி அறிவார்? நோய் நிர்ணய அட்டை, ஸ்கான் அறிக்கை, கிளினிக் கொப்பி மூன்றையும் காணி உறுதியோடு ஒரே பொலித்தீன் பையில் வையுங்கள். இடம் மாறுமுன் கிளினிக்கில் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

மலம் தார்போலக் கறுத்துப் போனால், இரத்த வாந்தி எடுத்தால், தலை சுற்றி விழுந்தால், திகதியைப் பார்த்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுக்க வைக்கும் என்பது உண்மை. ஆனால் எதனால் கறுத்தது என்பதை வைத்தியரே தீர்மானிக்கட்டும்.

அந்த மனிதர் பிறகு மனைவியையும் கூட்டிக்கொண்டு போய் அளந்து வந்தார். அதே 1.5. அடுத்த திகதியைக் கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொப்பி இப்போது மனைவியின் கையில்.