கண்ணுக்குத் தெரியாத வளைவு: பாலங்களை அளக்கும் லேசர்

2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தால் நடந்து வந்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு செய்தி சேகரிக்கப் பல தடவை அதே பாலத்தால் போய் வந்திருக்கிறேன். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், நந்திக்கடல் கடலோடு சேரும் இடத்திலுள்ள ஒடுங்கிய பழைய பாலம் அது. பஸ் அதில் ஏறும்போதெல்லாம் ஒரே கேள்விதான் மனதில் வரும்: இது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும்?

அதற்கு விடை தேடப் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் முறைகளில் ஒன்று லேசர் ஸ்கானிங். கருவி பாலத்தின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சும். ஒளி பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கப்படும். 15 மீற்றர் தள்ளியிருக்கும் தூணில் பட்டுத் திரும்ப, ஒரு செக்கனில் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். இப்படி அளக்கப்படும் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து, பாலத்தின் முப்பரிமாண உருவம் கணினியில் கிடைக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, வாகனத்தின் கூரையில் கருவியைப் பொருத்தி ஓடிக்கொண்டே அளப்பது. ஜிபிஎஸ்ஸும் அசைவை உணரும் கருவிகளும் வாகனம் எந்தக் கணத்தில் எங்கே இருந்தது என்று சொல்லும். போக்குவரத்தை மறிக்காமல் நீண்ட வீதியையே அளந்துவிடலாம். ஆனால் சில சென்ரிமீற்றர் பிழை வரலாம். மற்றது, முக்காலியில் கருவியை நிறுத்தி அளப்பது. நேரம் எடுக்கும், ஆனால் சில மில்லிமீற்றர் வேறுபாட்டையும் காட்டும். பாலம் தொய்கிறதா என்று பார்க்க இதுவே பொருத்தம்.

மில்லிமீற்றர் ஏன் முக்கியம்? 2007 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றுப் பாலமொன்று இடிந்து 13 பேர் இறந்தனர். இரும்புச் சட்டங்களை இணைத்த தகடுகள் தேவையான தடிப்பில் வடிவமைக்கப்படவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. அந்தத் தகடுகள் வளைந்திருந்தது 2003இல் எடுத்த படங்களிலேயே பதிவாகியிருந்தது. வளைவு எவ்வளவு, அது கூடுகிறதா என்பதைப் படம் சொல்லாது. ஒரே இடத்தை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து ஒப்பிட்டால்தான் தெரியும்.

லேசராலும் எல்லாவற்றையும் காண முடியாது. கொங்கிறீட்டுக்குள் துருப்பிடிக்கும் கம்பி அதற்குத் தெரியாது. வீதிகளில் பயன்படுத்தும் லேசர் தண்ணீருக்குள் ஊடுருவாது. வெள்ளம் தூணின் அடிமண்ணை அரிப்பதுதான் உலகெங்கும் பாலங்கள் விழ ஒரு முக்கிய காரணம். அதைப் பார்க்க ஒலியலைக் கருவியோ சுழியோடிகளோ வேண்டும்.

வட்டுவாகலில் புதிய பாலத்துக்கான வேலைகள் 2025 செப்ரெம்பரில் தொடங்கின. திறக்கும் நாளிலேயே அதை ஒருமுறை ஸ்கான் செய்து வைத்தால், பின்னாளில் வரும் ஒவ்வொரு வளைவையும் அந்த முதல் அளவோடு ஒப்பிடலாம். பழைய பாலத்தையும், எஞ்சியிருக்கும் வரைக்குள், அளந்து வைக்க வேண்டும். பொறியியலுக்கு அது பழைய கட்டுமானம். எங்களுக்கு, நாங்கள் நடந்து வந்த வழி. அந்த அளவுகள் இரண்டும் மக்கள் கேட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.